ஓட்டை விழுந்த கீரையும் எங்கள் தெருவும்

கோவையை அடுத்த தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த இரண்டு பாத்திகளையும் பார்த்தேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த சிறுகீரை எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. ஓர் இலையில்கூடத் துளை இல்லை. அந்தப் பக்கம், மாட்டுச் சாளையை ஒட்டியிருந்த சின்னப் பாத்தியில் இலைக்கு இரண்டு மூன்று ஓட்டைகள் இருந்தன. வீட்டுக்குக் கொஞ்சம் கீரை வேண்டும் என்று நான் கேட்டதும் தோட்டக்காரர் ஓட்டை விழுந்த பாத்தியை நோக்கி நடந்தார். "அது சந்தைக்குங்க அம்மணி. நாங்க திங்கறது இது. உங்களுக்கும் இதுலயே புடுங்கித் தர்றனுங்க" என்றார்.

சந்தைப் பாத்திக்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் மருந்து அடித்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை. சிறுகீரை விதைத்த இருபத்தைந்து நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டிய பயிர். அதற்குள் புழு விழுந்து இலை ஓட்டையாகிவிட்டால் அந்தக் கட்டை யாரும் தொடமாட்டார்கள் என்பதால் மருந்து அடிக்கிறார். அடித்த பிறகு காத்திருக்க வேண்டிய நாட்களைக் காத்திருந்தால் கீரை முற்றிவிடும் என்பதால் பிடுங்கிவிடுகிறார். அவரைக் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகளாகக் கீரைக்காரம்மாவிடம் கட்டைத் திருப்பிப் பார்த்து, துளை தெரிந்தால் கீழே வைத்துவிட்டு வேறு கட்டு எடுத்தவள் நான். அந்த மருந்தை அவர் கையால் அடிக்க வைத்ததில் என் விரல்களுக்கும் பங்கு இருக்கிறது.

அப்போது என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் கீரையையும் கூட்டச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த 400 கிராமைத் தட்டில் வைப்பதற்கு நான் பெரிதும் பாடுபட்டுக்கொண்டிருந்தேனே தவிர, அது எந்தப் பாத்தியிலிருந்து வருகிறது என்று கேட்டதே இல்லை. ஆரோக்கிய உணவு என்பதை நாம் அடுப்படியோடும் தனி மனிதரின் கட்டுப்பாட்டோடும் நிறுத்திவிடுகிறோம். விதைப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே ஓர் உடன்பாடு இல்லாதவரை நம் தட்டில் நல்ல உணவு வந்து சேராது என்றுதான் நான் இப்போது நம்புகிறேன்.

வடவள்ளியில் எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து அந்தத் தோட்டக்காரரிடம் பேசினோம். மாதத் தொடக்கத்திலேயே பணம் கொடுத்துவிடுவது, ஓட்டை, கோணல், சிறிது பெரிது பாராமல் தோட்டம் தருவதை வாங்கிக்கொள்வது, அவர் எங்கள் பாத்திகளுக்கு மருந்து அடிக்காமல் இருப்பது, ஒரு பயிர் பொய்த்துப்போனால் அந்த இழப்பை நாங்களும் பகிர்ந்துகொள்வது, இவ்வளவுதான் ஒப்பந்தம். தாளில் எழுதவில்லை. "அட்வான்ஸ் குடுத்துப் போட்டு நாலாம் மாசம் வேண்டாம்னுட்டீங்கன்னா நான் என்னங்க பண்றது?" என்று அக்கா, அதாவது தோட்டக்காரரின் மனைவி, கேட்ட கேள்விக்கு மட்டும் எங்களிடம் உடனே பதில் இல்லை. ஓர் ஆண்டுக்குப் பின்வாங்குவதில்லை என்று நான்கு பேரும் வாக்குக் கொடுத்தோம்.

அந்த வாக்கைக் காப்பாற்றுவது எளிதாக இருக்கவில்லை. கத்திரி காய்க்கத் தொடங்கினால் ஐந்து வாரத்துக்குக் கத்திரிதான்; பிறகு புடலை, அதன் பிறகு பூசணி. குழந்தைகள் முகம் சுளித்தார்கள். இடையில் சேர்ந்த குடும்பங்களில் சில விலகின. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் பலர் சேர விரும்பியபோதும், வண்டி உள்ளே வந்தால் மண் கொட்டும் என்று நிர்வாகிகள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்று வெயிலில் இரண்டு மணி நேரம் வாடிய கீரையை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதே வாசல் வழியாக ஆன்லைனில் வாங்கிய காய்கறி பிளாஸ்டிக் பைகளில் நாளுக்குப் பத்து முறை உள்ளே போகிறது. இப்போது நாங்கள் இருபத்தாறு குடும்பங்கள். காய் கொண்டுவரும் அதே வண்டியில் எங்கள் அடுப்படிக் கழிவு தோட்டத்து எருக்குழிக்குத் திரும்பிப் போகிறது. வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் அது அழுகிக் கிடக்க வேண்டியதில்லை.

"மருந்து அடிக்கவில்லை என்பதற்கு என்ன சான்று?" என்று புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உழவர்களே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி செய்யும் பி.ஜி.எஸ். என்ற பங்கேற்புச் சான்று முறை இருக்கிறது. குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர வேண்டும். எங்கள் தோட்டக்காரர் அக்கம்பக்கத்தாரிடம் பேசிவருகிறார், எண்ணிக்கை இன்னும் ஐந்தை எட்டவில்லை. அதுவரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே தோட்டத்துக்குப் போகிறோம். குழந்தைகள் களை பிடுங்குகிறார்கள், பெரியவர்கள் பாத்தி பாத்தியாக நடந்து பார்க்கிறார்கள். இலையில் ஓட்டை இருக்கிறதா என்று இப்போதும் தேடுகிறோம். இருந்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.

அப்படிப் போன ஒரு நாளில்தான் பண்ணைக்கீரையைப் பற்றிப் பேச்சு வந்தது. அதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொங்கு நாட்டு உணவில் என்ன நேர்ந்தது என்பது முழுவதும் அந்த ஒரு கீரையில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. கிணறு உள்ள இடத்தைத் தோட்டம் என்போம், வானத்தை நம்பிய மேட்டு நிலத்தைக் காடு என்போம். காட்டில் சோளமும் கம்பும் கொள்ளும் தட்டைப்பயறும் நரிப்பயறும் விளைந்தன. சோளக்காட்டுக்குள் யாரும் விதைக்காமல் தானே முளைக்கும் களைதான் பண்ணைக்கீரை. அதன் கூடவே தொய்யக்கீரையும் வரும். களை எடுக்கப் போன பெண்கள் மடி நிறையக் கொண்டுவந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு வேகவைத்து, மண்சட்டியில் மத்தால் கடைந்து சோளச்சோற்றுக்கு ஊற்றினார்கள். பெருந்துறைக்குப் பக்கத்தில் என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். காசு கொடுத்து வாங்காத உணவு அது, ஏழை வீட்டுக்கும் பண்ணயக்காரர் வீட்டுக்கும் ஒன்றுபோலக் கிடைத்தது.

இன்று உடுமலை, பல்லடம் பக்கம் போனால் சோளம் நின்ற இடங்களில் மக்காச்சோளம் நிற்கிறது. அது கறிக்கோழிப் பண்ணைகளின் தீவனத்துக்குப் போகிறது. களை முளைக்கும் முன்பே களைக்கொல்லி தெளிக்கிறார்கள், களையோடு பண்ணைக்கீரையும் போகிறது. மீதிச் சோளத்தில் பெரும்பங்கு மாட்டுத் தீவனமாகும் தட்டுக்காகத்தான் விதைக்கப்படுகிறது. கதிர் முற்ற விடுவதில்லை. களைக்கு ஆள் கிடைக்காத உழவர் வேறென்ன செய்வார் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் கீரை இல்லாமல் போனது யாருடைய கணக்கிலும் இழப்பாக எழுதப்படவில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் சிறுதானியங்களுக்கென்று 1923-லேயே ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்ட நகரம் கோயம்புத்தூர். அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து வந்த 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் இரண்டரை ஏக்கரில் இயற்கை முறையில் சாகுபடி செய்த பாப்பம்மாள் பாட்டிக்கு 2021-ல் பத்மஸ்ரீ வழங்கினார்கள். நூறு வயதைக் கடந்த பிறகும் காட்டில் இறங்கியவர், 2024 செப்டம்பரில் மறைந்தார். மரியாதைக்கு நாம் குறை வைக்கவில்லை. அந்தக் காட்டில் விளைந்ததை வாங்கி உண்பதில்தான் குறை வைத்துவிட்டோம். நகரத்துக் கடைகளில் தினையும் சாமையும் அழகான பைகளில், வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் நாள் கூலியில் பெரும்பகுதியைக் கேட்கும் விலையில் நிற்கின்றன.

எங்கள் குழுவில் மிக நீண்ட விவாதம் இதைப் பற்றித்தான் நடந்தது. எங்கள் வீடுகளில் பாத்திரம் துலக்கும் அக்காக்கள் மருந்தடித்த கீரையை வாங்கிச் செல்லும்போது நாங்கள் மட்டும் நல்ல கீரை உண்பது எந்த வகையில் இயக்கமாகும்? இருபத்தாறு குடும்பங்களும் மாதத் தொகையில் சிறிது கூட்டிக் கொடுத்து, ஏழு வீடுகளுக்குப் பாதி விலையில் பங்கு ஒதுக்கியிருக்கிறோம். தெருமுனை அங்கன்வாடிக்கு வாரம் இருமுறை கீரை போகிறது. ஆனாலும் இது ஒரு தெருவின் கைக்கெட்டிய தூரம்தான். ஊர் முழுவதற்கும் எட்டும் கைகள் அரசிடம் இருக்கின்றன.

உழவர் சந்தை அப்படி ஒரு கை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்டது, கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி என்று பல இடங்களில் இன்றும் விடியற்காலையில் கூட்டம் நிற்கிறது. அடையாள அட்டை வைத்திருக்கும் உழவர் வாடகையும் கமிஷனும் இல்லாமல் தராசு பிடிக்கிறார், அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். இடைத்தரகைக் குறைத்ததில் இதற்கு இணையான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மருந்தடிக்காத விளைச்சலுக்கும் காட்டுத் தானியத்துக்கும் அங்கே தனியாக நான்கு கடைகள் வேண்டும். வடவள்ளிச் சந்தையில் வாங்க வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை, மீண்டும் கொடுப்போம்.

இன்னொரு கை ரேஷன் கடை. 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். அது எங்கள் மாவட்டத்துக்கும் வர வேண்டும். எண்ணெயின் நிலையும் அப்படித்தான். பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் கொப்பரை விலையின்றிக் கிடந்த ஆண்டுகளில்கூட, கடல் கடந்து வந்த பாமாயில்தான் லிட்டர் 25 ரூபாய்க்கு ரேஷனில் கிடைத்தது. அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் தாருங்கள் என்று தென்னை விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். அந்தக் கோரிக்கையை உண்பவர்களாகிய நாமும் சேர்ந்து எழுப்ப வேண்டும். அது அவர்களுடைய விலைப் பிரச்சினை மட்டும் அல்ல, நம் தாளிப்புக் கரண்டியின் பிரச்சினையும்தான்.

போன மாதம் தோட்டக்காரர் ஒரு கேள்வியோடு வந்தார். கிணற்றுக்கு மேற்கே அவருக்கு ஒன்றேகால் ஏக்கர் காடு இருக்கிறது. வீட்டுமனைகளாகப் பிரித்து சைட் போட்டுத் தருகிறோம் என்று மூன்றாவது முறையாக ஆள் வந்திருக்கிறார்கள். "கோடை மழை எறங்குச்சுன்னா சோளம் போடலாம்னு இருக்கறனுங்க. மாட்டுக்குத் தட்டாச்சு. கதுரு முத்துனா சோளம் நீங்க எடுத்துக்குவீங்களா? களைக்கொல்லி அடிக்கமாட்டனுங்க, பண்ணைக்கீரையும் வரும்" என்றார். அன்று மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினெட்டுப் பேர் கூடினோம். சோளத்தைக் குத்தத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான், மூவருமே அறுபதைத் தாண்டியவர்கள். மற்றவர்களுக்குச் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். பிறகு நோட்டை விரித்துக்கொண்டு, யார் வீட்டுக்கு எத்தனை வள்ளம் அளவு சோளம் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதத் தொடங்கினோம்.