மர வீட்டுக்கு எத்தனை டன் ஏசி?

ஈசிஆர் பக்கம் மனை வாங்கி மர வீடு போடுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டியது கூரையைப் பற்றி. கூரையும் இடுக்குகளும் ஒழுங்காக இருந்தால் 12-க்கு 14 அடி அறைக்கு 1 டன் இன்வெர்ட்டர் ஏசி போதும். இல்லையென்றால் 2 டன் மாட்டினாலும் அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் மூன்று மணிக்குப் புழுங்கும்.

சுவரைப் பற்றிய பெருமை கொஞ்சம் அதிகம். 6 அங்குல முழுக்கட்டைச் சுவர், 9 அங்குலச் செங்கல் சுவரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெப்பத்தைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் கிட்டாக, அதாவது வெட்டித் தயாரான பாகங்களாக வந்து இறங்கும் வீட்டில் 44 மி.மீ. பலகை என்றால், அது செங்கல் சுவருக்குச் சமம், அவ்வளவுதான். முன்பணம் கொடுக்கும் முன் தடிமனை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

கூரையில் மேலிருந்து வரிசை இப்படி: ஷீட், அதன் கீழே காற்று ஓட இடைவெளி, பிறகு 50 முதல் 75 மி.மீ. ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் பாறை இழைப் பஞ்சு), கடைசியில் சீலிங் பலகை. அந்த இடைவெளி இறவாரத்திலும் முகட்டிலும் திறந்திருந்தால்தான் சூடு வெளியேறும். திறப்பில் கொசுவலை அடியுங்கள், இல்லாவிட்டால் அணில் குடிவரும். அலுமினியத் தாள் போடுவதென்றால் பளபளப்புப் பக்கத்துக்கு எதிரே குறைந்தது 1 அங்குலம் காலியாக இருக்க வேண்டும். ஷீட்டோடு ஒட்டிவிட்டால் அது வெறும் செலவு.

இடுக்குகளைக் கண்டுபிடிக்க ஊதுவத்தி போதும். காற்றடிக்கும் சாயங்காலம் ஜன்னல்களை மூடி, விசிறியை நிறுத்தி, கட்டைகள் சேரும் கோடு, மூலைகள், ஜன்னல் சட்டம், சுவர் கூரையைத் தொடும் இடம் என்று மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக ஏறாமல் சட்டென்று வளைந்தால் அங்கே ஓட்டை. ஃபோம் கயிற்றை உள்ளே திணித்து, மேலே அக்ரிலிக் சீலன்ட் பூசுங்கள். சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயின்டோ மரப்பூச்சோ பிடிக்காது.

இந்த ஓட்டைகளால் நஷ்டம் கரண்ட் பில் மட்டும் அல்ல. கோடையில் நம் கடலோரக் காற்றில் இருக்கும் ஈரம், 25 டிகிரிக்கு ஆறினாலே துளியாகிவிடும். 22-ல் வைத்த அறைக்குள் அது கசிந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போல மரம் உள்ளுக்குள்ளே வியர்க்கும். குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே பார்த்துக் கட்டுகிறவர்கள் ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளைச் சுவரின் உட்பக்கம் போடுகிறார்கள். அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறது, இங்கே வெளியிலிருந்து உள்ளே வருகிறது. உட்பக்கத் தாளின் பின்னால் தண்ணீர் தேங்கி, பூஞ்சை பிடித்து, மரம் மக்கும். தாள் போட்டே ஆகவேண்டும் என்றால் வெளிப்பக்கம் போடுங்கள்.

ஏர் கூலரை இங்கே மறந்துவிடலாம். ஏற்கெனவே ஈரமான காற்றில் அது பெரிதாகக் குளிராது. கூடவே மரத்துக்கும் ஈரம் ஏற்றும். பெரிய ஏசியும் தப்பு. அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் எடுபடாது. சில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. 25, 26-ல் வைத்து கரண்ட் குறைவாக இழுக்கும் ஒரு பிஎல்டிசி விசிறியையும் ஓட்டுங்கள். அதற்கு 30 வாட்ஸ்தான் ஆகும்.

மாட்டும் விதத்தில்தான் மெக்கானிக்குகள் சறுக்குவார்கள், ஏனென்றால் அவர்கள் பழகியது செங்கல். ஈரம் காயாத கட்டைச் சுவர், காயக் காய ஓர் அடி உயரத்துக்கு அரை அங்குலம் வரை இறங்கும். அதனால் காப்பர் பைப்பை விறைப்பாக இழுக்காமல் வெளியே ஒரு வளையம் விடச் சொல்லுங்கள். சுவர்த் துளையும் பைப்பைவிடத் தாராளமாக இருக்கட்டும், உள்ளே பிவிசி குழாய் செருகி மீதியை ஃபோமால் அடைக்கலாம். அவுட்டோர் யூனிட்டை மரச்சுவரில் தொங்கவிட்டால் வீடு முழுக்க அதிரும். தரையில் கான்கிரீட் மேடை, அடியில் ரப்பர் பேட். கடலைப் பார்க்காத பக்கம். யூனிட்டின் உள்ளே இருக்கும் சுருள் (காயில்) காப்பராகவே இருந்தாலும் உப்புக்காற்று அரிக்கும், மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ட்ரெயின் பைப் சுவரோரம் சொட்டக் கூடாது. அடிக்கட்டையிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளி விடுங்கள். நனைந்த மண்ணும் மரமும் ஒட்டியிருந்தால் கரையானுக்கு வேறு அழைப்பு வேண்டாம்.

ஹீட்டரா? மார்கழி விடியலிலும் இங்கே 20 டிகிரி பக்கம்தான். ஹாட் அண்ட் கோல்ட் மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதே வீட்டைக் கொடைக்கானலில் கட்டினால் மட்டும் யோசிக்கலாம்.

முதல் வருஷம் ஏசியை 20-க்கு இறக்காதீர்கள். உட்பக்கம் வேகமாகக் காய்ந்து ராத்திரியில் படீரென்று சத்தம் கேட்கும். கட்டையின் நீளவாக்கில் விழும் மெல்லிய வெடிப்பு சகஜம், வீடு விழாது. ஆனால் மழை படும் வெளிப்பக்கத்தில், வாய் மேல்நோக்கிப் பிளந்த வெடிப்பைப் பார்த்தால் ஐப்பசிக்கு முன்பே அடைத்துவிடுங்கள்.