புந்தலயில முள்ளு வெட்டப் போன கதை (வெட்டினது மூண்டு நாள், பேப்பர் பதினாலு மாசம்)

எங்கட சங்கத்தில பதினொரு பேர், ஒழுங்கா வாறது அஞ்சு பேர்தான், மீட்டிங் எண்டா வெள்ளவத்தையில என்ர வீட்டு விறாந்தை. இந்த அஞ்சு பேரும்தான் புந்தல தேசிய பூங்காவில ஒரு சின்னத் துண்டைத் துப்புரவாக்கிறதெண்டு வெளிக்கிட்டம். அதுக்கு நாலு தரப்பு எம்.ஓ.யு., அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம்: வனஜீவராசிகள் திணைக்களம், ஒரு கம்பஸ், காசு தாற கொம்பனி ஒண்டு, நாங்கள்.

அங்க நிக்கிற முள்ளு மரத்தைச் சிங்களத்தில களப்பு அந்தர எண்டுவினம், இந்தியாவில சீமைக்கருவேல். 1950கள்ல அம்பாந்தோட்டைப் பக்கம் உப்பேறின மண்ணைத் திருத்தவெண்டு கொண்டுவந்து வச்சது, இப்ப பூங்காவுக்குள்ளயே பெருகி நிக்குது. புந்தல 1990ல இலங்கையின்ர முதலாவது ராம்சார் ஈரநிலம் (உலக அளவில முக்கியமான ஈரநிலம் எண்ட பட்டியல்), 1993ல தேசிய பூங்கா, ஆனா பூநாரை பாக்கப் போற எங்களுக்கு அந்த முள்ளு கண்ணில படாது, பச்சையா நிண்டா காடு எண்டு நினைச்சிட்டு வந்திடுவம். நானும் எத்தினை தரம் வந்திருக்கிறன்.

முதல் பிழை எங்கட. காடு எண்டா அவைதானே எண்டு கடிதத்தை வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அனுப்பிட்டம். ஒதுக்குக் காடு அவைக்கு, தேசிய பூங்கா வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு எண்டு பிறகுதான் விளங்கிச்சு. ரெண்டு தலைமையகமும் பத்தரமுல்லையிலதான், அதால கொள்ளுப்பிட்டியில 177 பஸ் பிடிச்சு, அதே பைலைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனன், அவ்வளவுதான்.

உண்மையில இழுத்தடிச்சது கொம்பனி. அவையின்ர லோயர் எழுதின முதல் டிராஃப்ட்ல போர்ட் எங்க நிக்கோணும், லோகோ எத்தினை அங்குலம் எண்டு ஒண்டரைப் பக்கம், வேரை எப்பிடிப் பிடுங்கிறது எண்டு ஒரு வரி. வெட்டின விறகைக் கரியாக்கி விக்கலாம் எண்டும் ஒரு பந்தி. 1937ம் ஆண்டு விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசிய பூங்காவுக்குள்ள இருந்து நினைச்சபடி ஒண்டையும் வெளியில கொண்டுபோக ஏலாது எண்டு விளங்கப்படுத்தவே நாலு மாசம். கடைசியில வெட்டினதை அங்கயே குவிச்சு விடுறதெண்டு முடிவாச்சு.

கம்பஸ் மிஸ்தான் விசயத்துக்கு வந்தவ. "அடியோட வெட்டிட்டு விட்டா கட்டையில இருந்து திரும்பத் துளிர்க்கும், வேரையும் எடுக்கோணும், அதையும் எடுத்தாலும் மாட்டுச் சாணத்தில விதை வந்துகொண்டே இருக்கும்" எண்டா. பக்கத்து ஊர் மாடுகள் உள்ள வந்து மேயுது, காயைத் திண்டுது. இன்னொண்டும் சொன்னவ, லுணுகம்வெஹெரப் பக்கத்து வயல் வடிச்சல் தண்ணி எம்பிலிகல, மலல களப்புகளுக்கு வந்து உப்பைக் குறைச்சுப்போட்டுதாம், அதால பூநாரையின்ர சாப்பாடும் மாறுதாம். மிருகம் ஒருத்தருக்கு, தண்ணி இன்னொருத்தருக்கு, உப்பளம் வேற ஆருக்கோ. எங்கட நாலு கையெழுத்தால அதுக்கு ஒண்டும் செய்யேலாது.

"மாட்டுக்காரரோட ஆர் கதைச்சது?" எண்டு பூங்காவில இருந்து வந்தவர் கேட்டார். ஒருத்தரும் இல்லை. கடைசிப் பக்கத்தில 'பயனாளிகள்' எண்டு ஒரு சொல்லில அவையை முடிச்சு வச்சிருந்தம்.

என்ர வெள்ளவத்தைச் சிங்களத்தோட ஊருக்குப் போனன். ஒரு வயசான மாமா, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு மாடு படுக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். காய்ஞ்ச சாணியொண்டைத் தடியால கிளப்பினார், அதுக்குள்ள இருந்து விரல் நீளத்துக்கு ஏழெட்டுக் கன்று, முள்ளு இன்னும் மெத்தெண்டிருந்துது. "மழையில்லாத மாசத்தில இந்தக் காய்தான் மாட்டுக்குத் தீனி, அதையும் நிப்பாட்டினா எதைக் குடுக்கிறது?" எண்டு கேட்டார். எனக்குப் பதில் வரேல்லை. ஆனா எந்தெந்த இடத்தில கன்று கூட எண்டு அவர் சொல்லச் சொல்ல மிஸ் மாப்பில குறிச்சா, எங்கட திட்டத்தில உருப்படியா இருந்த ஒரே பேப்பர் எண்டா அதுதான்.

மூண்டு மொழியிலயும் எழுதிக் கையெழுத்து வச்சம், தமிழ் என்ர தலையில. களப்பு எண்ட சொல் சிங்களத்திலயும் தமிழிலயும் ஒண்டா இருந்தது மட்டும் லேசாப் போச்சு.

மூண்டு நாள் வெட்டி, பிடுங்கி, கை முழுக்கக் கீறலோட வந்தம். ஆறு மாசம் கழிச்சு மாமா போன் எடுத்தார். "புத்தா (மகன் எண்டுறதுக்குச் சிங்களத்தில), மாடு படுக்கிற இடத்தில திரும்ப முளைச்சிருக்கு, எப்ப வாறீங்கள்?" எம்.ஓ.யுவைப் புரட்டிப் பாத்தா ரெண்டாம் தரம் போறதுக்கு ஒரு வரியும் இல்லை. லோகோ அளவு மட்டும் அப்பிடியே இருக்கு. இப்ப இணைப்பு ஒண்டு எழுதிக்கொண்டிருக்கிறன், இந்த முறை மாமாவும் ஒரு கையெழுத்து வைக்கோணும் எண்டு கேட்டிருக்கு, லோயர் இன்னும் பதில் போடேல்லை.