வலை வந்துருச்சு, வராண்டாவுக்கு வாங்க

நானும் வீட்டுக்காரரும் உச்சிப்புளி தாண்டி மண்டபம் போற வழியில கடலுக்குப் பக்கத்துல இருக்குற ஒரு முதியோர் குடியிருப்புக்கு வந்து கொஞ்ச காலம் ஆச்சு. மாசாமாசம் காசு கட்டி இருக்குறவங்க தான் நிறைய பேர், கட்ட முடியாதவங்களையும் சில பேரை டிரஸ்ட்டே வச்சுப் பாத்துக்குது. சொந்தக்காரங்க யாரு போன் பண்ணாலும் முதல் கேள்வியே "அங்க பொழுது எப்படிப் போகுது"ன்னு தான். பொழுது போறதுல என்னங்க இருக்கு, அது சும்மா உக்காந்திருந்தாலும் போயிரும், நம்ம கையால ஆகுற ஒரு காரியத்துக்கு வெளிய ஒரு ஆள் காத்துக்கிட்டு இருக்காங்களா இல்லையான்றது தான் எனக்கு முக்கியம், அதைப் பத்தித் தான் இன்னைக்கு எழுதப் போறேன்.

நான் கிராம சுகாதார நர்ஸா இருந்தவ. இந்தக் கடற்கரை ஊர்கள்ல தான் சர்வீஸ் பூரா ஓடுச்சு, அதனால இங்கயும் எல்லாருக்கும் நான் நர்ஸம்மா தான். வீட்டுக்கு வீடு போய் பிரஷர் பாத்த பழக்கத்துல எனக்கு ஒண்ணு நல்லா தெரியும், வயசானவங்க திடீர்னு படுக்கையில விழுந்துர்றது இல்ல, முதல்ல வெளிய வர்றதைக் குறைப்பாங்க, அப்புறம் ரூமை விட்டு வர்றதைக் குறைப்பாங்க, அப்புறம் கட்டில். உக்காந்தே இருந்தா தொடை சதை கரையும், சதை கரைஞ்சா எந்திரிக்கும்போது தள்ளாடும், ஒரு தடவை விழுந்தா அந்தப் பயத்துலயே இன்னும் உக்காருவாங்க. இதை நிறுத்த மாத்திரை கிடையாது. எந்திரிச்சு வர்றதுக்கு ஒரு காரணம் வேணும், அவ்வளவு தான்.

இங்க வந்த புதுசுல ஹால்ல ஒரு டைம்டேபிள் ஒட்டியிருந்துச்சு, காலைல யோகா, பத்து மணிக்கு கேரம், சாயங்காலம் பஜனை, ராத்திரி டிவி. தப்பு சொல்லல, நல்ல மனசோட தான் போட்டிருந்தாங்க. ஆனா வந்தது ஏழெட்டு பேர், அதுவும் அதே ஏழெட்டு பேர். கிறிஸ்தவங்களும் முஸ்லிம்களும் இருக்குற இடத்துல பஜனையை மட்டும் போட்டா அவங்க எங்க போவாங்க சொல்லுங்க, அதுக்கு அப்புறம் தான் பாட்டு நேரம்னு மாத்தினாங்க, இப்ப அவங்கவங்க பாட்டை அவங்கவங்க பாடுறாங்க, மத்தவங்க கேக்குறாங்க.

சரி, வலைக்கு வர்றேன்.

நம்ம பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு தடை. அந்த ரெண்டு மாசமும் படகெல்லாம் கரையேத்தி மராமத்து பாப்பாங்க, பெயின்ட் அடிப்பாங்க, கிழிஞ்ச வலையெல்லாம் மரத்தடியில மலையா கிடக்கும். எங்க குடியிருப்புல ஒரு பெரியவர், சொந்தமா படகு வச்சுத் தொழில் பண்ணவர், எல்லாரும் சம்மாட்டின்னு தான் கூப்பிடுவாங்க. பார்க்கின்சன் வந்து வலது கை உதறிக்கிட்டே இருக்கும், அதனால அடுத்தவங்க முன்னாடி டீ கிளாஸைக் கூட தொட மாட்டார், ரூம்லயே சாப்பாடு. ஒரு தடைக்காலத்துல பக்கத்து ஊர் தம்பி ஒருத்தர், எங்களுக்கு மீன் கொண்டு வர்றவர், வலை தைக்க ஆள் பத்தல, இந்தக் காலத்துப் பையங்களுக்கு இந்த வேலை வர்றதே இல்லன்னு என்கிட்ட பேசிக்கிட்டு இருந்தார். நான் சம்மாட்டி ரூம் பக்கம் கையைக் காட்டினேன்.

அவர் வலையைத் தொட்ட அன்னைக்கு நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். கிழிஞ்ச ஓரத்தை அப்படியே இழுத்துச் சேர்த்துக் கட்டிறலாம்னு தான் நம்ம நினைப்போம், அப்படிக் கட்டினா வலை அந்த இடத்துல சுருங்கிரும், தண்ணிக்குள்ள விரியாது. அவர் முதல்ல பிளேடை எடுத்து கிழிசலை இன்னும் பெருசாக்கினார், பிஞ்சு தொங்குன நூலெல்லாம் வெட்டி எடுத்து முழு கண்ணு எங்க இருக்கோ அது வரைக்கும் போனார், கண்ணுன்னா வலையில இருக்குற கட்டம். அப்புறம் வலை ஊசியில நைலான் நூலை ஏத்தி, இடது கை விரலையே அளவா வச்சு, ஒரு முடிச்சு, ஒரு இழுப்பு, அடுத்த கண்ணு. பழைய கண்ணும் புதுக் கண்ணும் ஒரே அளவு, விரலை விட்டுப் பாத்தா கூட வித்தியாசம் தெரியல. கை உதறல் எங்கன்னு கேக்குறீங்களா, அந்த நோய்ல கை சும்மா இருக்கும்போது தான் உதறல் அதிகம், வேலை பாக்கும்போது பல பேருக்குக் குறையும், நான் படிச்சது தான். ஆனா படிச்சது வேற, அந்த விரல்ல பாத்தது வேறங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

மறுநாள் அவரே காலைல எட்டு மணிக்கு வராண்டாவுக்கு வந்து "வலை வந்துருச்சா நர்ஸம்மா"ன்னு கேட்டார். அன்னைக்கு எல்லாரும் பாக்கத் தான் டீயும் குடிச்சார்.

அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. பாம்பன் சின்னப்பாலத்துல இருந்து வந்த ஆத்தா ஒருத்தங்க, சின்ன வயசுல இருந்து தீவுப் பக்கம் போய் கடலுக்குள்ள முங்கி பாசி எடுத்தவங்க, விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு பாறையில இருந்து பறிப்போம்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு வலை தைக்கத் தெரியாது, ஆனா ஊசிக்கு நூல் ஏத்தித் தர்றேன்னு உக்காந்துட்டாங்க. நாலஞ்சு ஊசி சுத்துல ஓடும், ஒண்ணு காலியாகுறதுக்குள்ள அடுத்தது ரெடியா இருக்கும். தபால் ஆபீஸ்ல வேலை பாத்த ஒரு சார் யாருக்கு எத்தனை வலை, எத்தனை நாள்ல குடுக்கணும்னு நோட்டுல எழுதுறார், ஒரு நாள் லேட்டானா அவருக்குத் தூக்கம் வராது.

கூலி பத்தி ஒரு பெரிய பேச்சு நடந்துச்சு. பொழுதுபோக்கா தானே செய்றாங்க, காசு எதுக்குன்னு சில பேர் சொன்னாங்க. நான் ஒத்துக்கவே இல்ல. வெளிய தைக்கிறவங்களுக்கு என்ன கூலியோ அதே கூலி இங்கயும் குடுக்கணும், வயசானவங்க வேலைன்னா சும்மா வாங்கிக்கலாம்னு நினைச்சா அது மரியாதை இல்ல, அதோட ஊருக்குள்ள அதை நம்பிப் பிழைக்கிறவங்க கூலியையும் நாம கெடுத்துருவோம். அந்தத் தம்பியே "கூலி வாங்காட்டி நான் வலை கொண்டாரமாட்டேன்"னு சொல்லிட்டார், அதோட பேச்சு முடிஞ்சுச்சு. சம்மாட்டி முதல் கூலியில பேத்திக்கு கொலுசு வாங்கி அனுப்பினார்.

அடுப்படிப் பக்கமும் இதே கதை தான். கீழக்கரைல இருந்து வந்த லாத்தா ஒருத்தங்க, அங்க அக்காவை அப்படித் தான் கூப்பிடுவாங்க, முட்டு தேஞ்சு போய் நிக்க முடியாது, சமையல்கட்டுக்குப் போகக் கூடாதுன்னு மகன் எழுதியே குடுத்துட்டுப் போயிருந்தார். ஒரு நோன்புப் பெருநாளுக்கு முன்னாடி தொதல் கிண்டுவோமான்னு கேட்டேன். தொதல்னா தெரியும்ல, அரிசி மாவு, தேங்காப்பால், கருப்பட்டி, பெரிய சட்டியில போட்டு மணிக்கணக்கா கிண்டணும், எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல வர்ற வரைக்கும் கரண்டியை விடக் கூடாது. லாத்தா நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டாங்க, கிண்டுறதுக்கு சமையல்காரப் பொண்ணுங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி. "அடி பிடிக்குது, தீயைக் குறை"ன்னு லாத்தா எட்டு அடி தூரத்துல இருந்து வாசனையை வச்சே சொல்றாங்க, போய்ப் பாத்தா அப்பத் தான் லேசா பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. கடைசியில ஒரு உருண்டையை எடுத்து விரல்ல ஒட்டாம வருதான்னு பாத்துட்டு "ம், இப்ப இறக்கு"ன்னு சொன்னாங்க பாருங்க, அந்தக் குரல் இங்க வந்ததுல இருந்து நான் கேக்காத குரல். சுகர் இருக்குறவங்களுக்கு ஒரு விரல்கடை துண்டு மட்டும் தான் குடுத்தேன், கருப்பட்டின்னாலும் சர்க்கரை சர்க்கரை தான், அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது. கூட்டத்துக்கு வர மாட்டேன்னு சொல்ற பாதிப் பேருக்குப் பிரச்சனை மனசுல இல்ல, காதுல. காது மந்தமானவங்களுக்கு ஃபேன் சத்தத்துக்கு நடுவுல நாலு பேர் சேர்ந்து பேசினா ஒண்ணும் புரியாது, எல்லாரும் சிரிக்கும்போது தானும் சும்மா சிரிச்சு வைக்கணும், ரெண்டு தடவை அப்படி ஆனா மூணாவது தடவை வர மாட்டாங்க. வீட்டுல கோவக்காரர்னு பேர் வாங்கியிருப்பாங்க, பாவம். நாங்க ஹால்ல பேசும்போது மேல ஃபேனை நிறுத்திட்டு ஜன்னலைத் திறந்து விட்டுர்றோம், கடல்காத்து தான் இருக்கே. பேசுறவங்க முகம் தெரியுற மாதிரி வட்டமா நாற்காலி, பின்னாடி வெளிச்சம் இருக்கக் கூடாது, வாய் அசையுறது தெரியணும். செலவே இல்லாத வேலை. இதை மட்டும் செஞ்சதுல நாலு பேர் புதுசா வந்தாங்க. பெரிய குடியிருப்பா இருந்தாலும் சரி, வீட்டுத் திண்ணையா இருந்தாலும் சரி, செஞ்சு பாருங்க.

சனிக்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வருதுங்க. பாசி எடுத்த ஆத்தா கரையில ஒதுங்கிக் கிடக்குற பாசியை அள்ளிட்டு வரச் சொல்லி, இது மரிக்கொழுந்துப் பாசி, இது கஞ்சிப் பாசி, இது கட்டக்கோரைன்னு பிரிச்சுப் பிரிச்சு வைப்பாங்க, பிள்ளைங்க நோட்டுல ஒட்டுதுங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருக்குன்னு புத்தகத்துல படிச்ச பிள்ளைங்க தான், ஆனா அந்தத் தீவு ஓரத்துல முங்கி எந்திரிச்ச ஆளைப் பக்கத்துல பாக்குறது வேற தானே. ஒரு பையன் "ஆத்தா, காத்தை வச்சு கடல் எப்படி இருக்கும்னு எப்படி சொல்வீக"ன்னு கேட்டான், அதுக்கு சம்மாட்டி உள்ள வந்து வாடை எப்ப, கொண்டல் எப்ப, கச்சான் அடிச்சா கடல் எப்படி இருக்கும், சோழகம் எந்தப் பக்கம்னு ஆரம்பிச்சு பிள்ளைங்க வேன் வந்து ஹார்ன் அடிக்கிற வரைக்கும் நிறுத்தல.

புயலைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்ககூட இருக்குற ஒரு ஐயா 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியில சின்னப் பையனா இருந்தவர். பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலோட அத்தனை பேரும் கடலுக்குள்ள போன அந்த ராத்திரி. வர்றவங்க எல்லாரும் போனை நீட்டி அந்த ராத்திரியைச் சொல்லுங்கன்னு கேக்குறாங்க. அவரும் முகம் முறிக்காம சொல்லுவார், அப்புறம் ரெண்டு நாள் தூங்க மாட்டார், எனக்குத் தான் தெரியும். தயவுசெஞ்சு அப்படிக் கேக்காதீங்க. புயலுக்கு முன்னாடி ஊர் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, மெட்ராஸ்ல இருந்து போட் மெயில் வந்து நிக்கும், ஆளுங்க இறங்கி தலைமன்னார் கப்பலுக்குப் போவாங்க, ஸ்டேஷன்ல என்ன விப்பாங்க, பள்ளிக்கூடம் எந்தப் பக்கம், அதையெல்லாம் கேட்டா அவர் முகத்துல ஒன்பது வயசுப் பையன் வந்துருவான்.

புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6ல திறந்த பிறகு எல்லாரும் சேர்ந்து மண்டபத்துல இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ரயில்ல போனோம். 1914ல கட்டின பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னதுல இருந்து இவங்க யாரும் கடல் மேல ரயில்ல போனதே இல்ல. ஜன்னல் சீட்டுக்கு அடிதடி. ஐயாவும் வந்தார், யாரும் அவர்கிட்ட எதுவும் கேக்கல, நானே எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன், அவரா தான் பழைய பாலத்தைக் காட்டி லாத்தாகிட்ட என்னமோ சொல்லிக்கிட்டே வந்தார்.

பிறந்தநாளுக்கு சாப்பாடு போட வர்றவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தோசம், வாங்க. ஆனா வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்துட்டு இலை போடுறதுக்குள்ள கிளம்பாதீங்க. பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க, உங்க சட்டை பட்டன் பிஞ்சிருந்தா குடுங்க, தைச்சுத் தர ஆள் இருக்கு. சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க.

வக்கீல் ஒருத்தரைக் கூப்பிட்டு ஒரு நாள் பேச வச்சோம், அன்னைக்கு ஹால் நிறைஞ்சிருச்சு. பெத்தவங்களைப் பாக்காத பிள்ளைங்ககிட்ட ஜீவனாம்சம் கேக்க 2007லயே சட்டம் இருக்கு, ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர்கிட்ட மனு குடுத்தா போதும், மாசம் பத்தாயிரம் வரைக்கும் உத்தரவு போடலாம். பாத்துக்குவேன்ற நிபந்தனையோட சொத்தை எழுதி வாங்கிட்டு கைவிட்டா அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணவும் அதுல வழி இருக்கு, அதனால எழுதிக் குடுக்குறவங்க அந்த நிபந்தனையைப் பத்திரத்துலயே எழுதச் சொல்லுங்க. 14567ன்ற நம்பர்ல முதியோர் உதவிக்குப் பேசலாம், இலவசம் தான். எங்க நோட்டீஸ் போர்டுல பெரிய எழுத்துல ஒட்டியிருக்கோம், கண்ணாடி இல்லாமலே தெரியுற மாதிரி.

அடுத்த தடைக்காலத்துக்கு இப்பவே மூணு படகுக்காரங்க சொல்லி வச்சுட்டாங்க. வராண்டாவுல வெளிச்சம் பத்தல, இன்னும் ரெண்டு எல்இடி லைட் போடணும், முதுகு சாயுற மாதிரி உயரமான நாற்காலி நாலு வேணும், கைப்பிடி கண்டிப்பா இருக்கணும், அதைப் பிடிச்சுத் தான் எந்திரிக்கிறாங்க. யார் வீட்டுலயாவது நல்ல நாற்காலி சும்மா கிடந்தா சொல்லுங்க, நாங்களே வண்டி வச்சு வந்து எடுத்துக்குறோம். அப்புறம் மூங்கில்ல செஞ்ச பழைய வலை ஊசி இருந்தாலும் குடுங்க, பிளாஸ்டிக் ஊசி கைக்கு வழுக்குதுன்னு சம்மாட்டி தினமும் சொல்றார்.