கலப்பினச் செல் அட்டவணை: கழித்தல் குறியை நம்பாதீர்கள்

மனித மரபியல் தாளில் நினைத்ததைவிட நல்ல மதிப்பெண் வந்துவிட்ட நிம்மதியில், அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹாட் ஊடகத் தெரிவு (இணைந்த செல்களை மட்டும் வளரவிடும் முறை), ஒற்றைப்படி எதிர்ப்பொருள் (ஒரே இலக்கைப் பற்றும் எதிர்ப்பொருள்) தயாரிப்பு ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவைதாம். எதிர்ப்பொருள் அடையாளம் காட்டும் மூலக்கூறின் (மார்க்கர்) ஜீன் எந்த மனிதக் குரோமோசோமில் உள்ளது என்று கேட்கும் தரவுக் கேள்விக்கே நேரத்தை ஒதுக்குங்கள்.

மனிதச் செல்லையும் எலிச் செல்லையும் இணைத்து உருவாக்கும் கலப்பினச் செல்கள் மனிதக் குரோமோசோம்களைத் தாறுமாறாக இழப்பதால், எந்தக் குளோனில் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டத்தில்) எது எஞ்சியது, எதில் எதிர்ப்பொருள் ஒட்டியது என்று கூட்டல், கழித்தல் குறிகளாக அட்டவணை தரப்படும். குரோமோசோமும் மார்க்கரும் பொருந்தாத முரண்பாடுகளை எண்ணி, அவை குறைவான குரோமோசோமைத் தேர்ந்தெடுப்பதே பலரின் வழக்கம். நான் விடைத்தாளின் ஓரத்தில் அவற்றை இரண்டாகப் பிரித்தேன். குரோமோசோம் இல்லாமலே மார்க்கர் தெரிந்தால், அதன் துண்டு வேறொன்றில் ஒட்டியிருந்தாலொழிய, அந்தக் குரோமோசோமை விலக்கிவிடலாம். குரோமோசோம் இருந்தும் மார்க்கர் தெரியாவிட்டால் விலக்க முடியாது. ஏனெனில் எலி ஃபைப்ரோபிளாஸ்டோடு (இணைப்புத்திசுச் செல்லோடு) இணைந்த செல்லில் எபிதீலிய (உறுப்புகளின் மேற்பரப்பை மூடும் திசுவுக்குரிய) ஜீன் அப்படியே இருக்க, வெளிப்பாடு மட்டும் அணைந்துபோகலாம். எனக்கு வந்த அட்டவணையில் 2-ஆம் குரோமோசோமுக்கு முரண்பாடுகள் அதிகம். ஆனால் அத்தனையும் இந்த வகை, விடையும் அந்த 2-ஆம் குரோமோசோம்தான். எபிதீலியத் தன்மையுள்ள எலிச் செல்லோடு இணைத்துப் பார்க்கலாம் அல்லது டிஎன்ஏ துலக்கியால் (ஜீனின் வரிசையோடு ஒட்டும் டிஎன்ஏ துண்டால்) ஜீனையே தேடலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். இதைவிட முக்கியமான எதுவும் இந்தத் தாளில் இல்லை என்பது என் கருத்து.

மனப்பாடத்துக்கு (எபிதீலியச் செல் புரதங்களும் அவற்றின் ஜீன் இருக்கும் குரோமோசோமும்):
– எப்கேம்: 2-ஆம் குரோமோசோமின் குறுங்கை. இயல்பான எபிதீலியத்திலும் உண்டு. கட்டிக்கே உரியது என்று எழுதாதீர்கள்.
– மக்-1: 1-இன் நீள்கை. கட்டிகளில் செல்லின் மேல்முகப்போடு நில்லாமல் சுற்றிலும் பரவும். சர்க்கரைச் சங்கிலிகள் குட்டையாகி உட்புரதம் வெளித்தெரியும்.
– ஈ-காட்ஹெரின்: 16-இன் நீள்கை.

இரத்தத்தில் அளக்கப்படும் கட்டி மார்க்கரான சிஏ 19-9 தனிக் கதை. எதிர்ப்பொருள் அங்கே பற்றுவது புரதத்தை அல்ல, சியாலில் லூயிஸ்-ஏ என்ற சர்க்கரை அமைப்பை. ஆகவே கலப்பினச் செல்லில் இடம் குறிக்கப்படுவது அதைக் கட்டும் நொதியின் ஜீனாகவே இருக்கக்கூடும். அந்த நொதி செயல்படாத, லூயிஸ் எதிர்மறையானவர்களுக்குக் கட்டி வளர்ந்தாலும் சிஏ 19-9 பெரும்பாலும் உயர்வதில்லை.

வாய்மொழித் தேர்வில் எப்கேமையே மீண்டும் கிளறினார்கள். அதன் 3' முனை நீக்கப்பட்டால் அடுத்துள்ள எம்எஸ்எச்2 ஜீன் (டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்யும் ஜீன்) மெத்திலேற்றத்தால் அடங்கி, லிஞ்ச் நோய்க்குறி (குடல் புற்றுநோய் போன்றவை வரும் பரம்பரை நிலை) உண்டாகும் என்பதையும் படித்துச் செல்லுங்கள்.