ஆஸ்பத்திரி பில்லை உடனே கட்டிவிடாதீர்கள்

அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில் வந்ததும் நம்மவர்கள் பலர் கிரெடிட் கார்டைத் தேய்த்து முடித்துவிடுகிறார்கள். கடன்காரன் என்று பெயர் வந்துவிடக் கூடாது, கையேந்தி நின்றான் என்றும் யாரும் சொல்லிவிடக் கூடாது. இந்த மானப் பிரச்சினையில் எத்தனை பேர் சேமிப்பு கரைந்ததோ.

இங்கே ஏறத்தாழ பாதி ஆஸ்பத்திரிகள் லாப நோக்கமற்றவை என்று சொல்லி வரிவிலக்கு வாங்குபவை. 2010-இல் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, அந்தச் சலுகை வேண்டுமென்றால் கட்ட முடியாதவர்களுக்கு உதவும் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும், வெப்சைட்டில் போட வேண்டும், விண்ணப்பத்தைக் காசு வாங்காமல் தர வேண்டும். அப்புறம் நமக்கென்ன கூச்சம்?

என் கணவருக்கு வேலை போயிருந்த நேரத்தில்தான் பித்தப்பை ஆபரேஷன். பில்லிங்கில் போன் எடுத்த பெண், இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி, இல்லையென்றால் மாதத் தவணை என்று இனிக்க இனிக்க இரண்டே வழி சொன்னார். "ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ் அப்ளிகேஷன் அனுப்புங்கள்" என்று, அதாவது அந்த உதவிக்கான விண்ணப்பத்தை, நானாகக் கேட்ட பிறகுதான், ஓ அதுவும் இருக்கிறதே என்று வேறு லைனுக்கு மாற்றினார். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தார்கள், அதை யார் படிக்கிறார்கள்.

இப்படி வரிவிலக்கு வாங்கும் ஆஸ்பத்திரிகளில், டிஸ்சார்ஜ் ஆனபின் வரும் முதல் பில் தேதியிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். அதில் முதல் 120 நாள் அவர்கள் வழக்குப் போடவோ, நம் கடன் வரலாறு பதியும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற்றவோ கூடாது. ஏற்கெனவே கட்டியிருந்தாலும், கெடுவுக்குள் விண்ணப்பித்துத் தகுதி கிடைத்தால் அதிகப்படியாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். மெடிக்கல் கிரெடிட் கார்டு என்று ஒன்றை நீட்டுவார்கள், அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் பேங்க் கைக்குப் போய்விட்டால் வட்டியோடு மல்லுக்கட்டுவது நீங்கள்தான்.

வருமான வரம்பு இடத்துக்கு இடம் மாறும், மத்திய அரசின் வறுமைக்கோட்டைப் போல இத்தனை மடங்கு என்று கணக்கு. நமக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய டிடக்டபிளுக்கும் பல இடங்களில் விண்ணப்பிக்கலாம்.

வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். கூட ஒரு கடிதம் வைத்தேன், அரைப் பக்கம்தான்: வேலை எப்போது போனது, வாடகை எவ்வளவு, மாதம் எங்களால் எவ்வளவு முடியும். அழுகாச்சி வேண்டாம், எண்கள் போதும்.

ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகப் பிரித்த பில்லையும் கேட்டு வாங்குங்கள். எங்களுடையதில் டிஸ்சார்ஜுக்கு மறுநாள் தேதியில் ஒரு ஊசி இருந்தது, வீட்டு சோபாவில் படுத்துக் கிடந்தவருக்கு யார் வந்து போட்டார்களோ!

இன்னொன்று, மயக்க மருந்து டாக்டரும் ஸ்கேன் பார்க்கும் டாக்டரும் பெரும்பாலும் தனியாக பில் அனுப்புவார்கள், ஆஸ்பத்திரி தரும் சலுகை அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். யார் யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியல் அந்தக் கொள்கையோடு இருக்கும், முதலிலேயே பார்த்துவிடுங்கள். எங்களுக்கு ஆஸ்பத்திரி பில்லில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டார்கள். மயக்க மருந்துக்காரரோடுதான் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.