தொண்ணூற்றேழாவது நிமிஷம்

மே 4, 2013, சனி

இரவு பதினொன்று ஆகிறது, மஞ்சள் சட்டையை இன்னும் கழற்ற மனம் வரவில்லை. எங்கள் கால்பந்து அணி வாட்ஃபோர்டுக்கு லீட்ஸிடம் 2-1 தோல்வி, அதுவும் நம் சொந்த மைதானமான விக்கரேஜ் ரோட்டிலேயே. ஜெயித்திருந்தால் இன்றைக்கே மேல் பிரிவான பிரீமியர் லீக்குக்குப் போயிருப்போம்.

ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லாம் தப்பாகத்தான் போனது. வார்ம்-அப்பிலேயே எங்கள் கோல்கீப்பர் அல்முனியாவுக்கு அடிபட்டது. அவருக்குப் பதில் வந்த பான்ட், நம் அணியின் அன்யாவோடேயே மோதி ஸ்ட்ரெச்சரில் போனார். கடைசியில் 19 வயதுப் பையன் பான்ஹம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இந்த அணிக்கு வலை காக்க வந்து நின்றான். இந்தத் தடங்கலில் எங்கள் ஆட்டம் ரொம்பப் பிந்திவிட்டதால், மேலே போக எங்களோடு போட்டி போட்ட ஹல் அணியின் ஆட்ட முடிவு தெரிந்த பிறகும் நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தோம். ஹல் கடைசி நேரத்தில் ஒரு பெனால்டியைத் தவறவிட்டு, உடனே மறுமுனையில் கார்டிஃபுக்கு ஒரு பெனால்டி கொடுத்து 2-2 என்று முடித்துவிட்டது. அந்தச் செய்தி போன் போனாகத் தாவி வரிசை வரிசையாகப் பரவியதை என் கண்ணால் பார்த்தேன். அப்போது நாங்கள் 1-1. ஒரே ஒரு கோல் போதும் என்று மைதானம் முழுக்கத் தெரியும், ஆட்டக்காரர்களுக்கும் தெரியும், அதனால்தானோ என்னவோ எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் ஓடினார்கள். லீட்ஸின் மெக்கார்மாக் தூக்கிப் போட்ட பந்து பான்ஹமைத் தாண்டி உள்ளே போனது.

ஹல் 79 புள்ளி, நாங்கள் 77. அந்தப் பையனை ஒருவர்கூடத் திட்டவில்லை, எங்கள் வரிசையில் அது மட்டும்தான் ஆறுதல். மகன் வழியெல்லாம் பேசவே இல்லை. தூங்கப் போகும்போதுதான் கேட்டான்: "அம்மா, ப்ளே-ஆஃப் இருக்குல்ல?"

இருக்கு கண்ணா. மேலே போக மிச்சமிருக்கிற ஒரே இடத்துக்கு, முதலில் லெஸ்டரோடு.

மே 9, வியாழன்

லெஸ்டரில் முதல் ஆட்டம், டிவியில் பார்த்தோம். 1-0, தோல்வி. நுஜென்ட், 82வது நிமிடம். அதுவரை தாக்குப்பிடித்துவிட்டு அப்போது விட்டோம்.

இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு, ஐரோப்பியப் போட்டிகள் மாதிரி வெளியூர் கோலுக்கு இங்கே தனி மதிப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் கூடுதல் நேரம், இரண்டு கோல் வித்தியாசம் என்றால் நேராக வெம்ப்ளியில் இறுதி ஆட்டம். இதை மகனுக்கு மூன்று தடவை விளக்கினேன், மூன்றாவது தடவை எனக்கே ஒரு தெளிவு வந்த மாதிரி இருந்தது.

அக்கா குடும்பம் லெஸ்டரில் இருக்கிறது. அத்தான் நீலச் சட்டைக்காரர். ஆட்டம் முடிந்த கையோடு போன். "என்னம்மா, சாப்பிட்டீங்களா?" என்று மட்டும்தான் கேட்டார், வேறு ஒரு வார்த்தை இல்லை. அவர் அப்படித்தான், தன் அணி ஜெயித்த அன்று எதிராளியைச் சீண்ட மாட்டார். போன சனிக்கிழமை நாங்கள் இடிந்து போய் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் அவர் துள்ளிக் குதித்திருக்கிறார். ஃபாரஸ்ட் மைதானத்தில் இஞ்சுரி டைமில் நாக்கார்ட் அடித்த கோலால்தான் லெஸ்டர் ஆறாவது இடத்தைப் பிடித்து ப்ளே-ஆஃபுக்கே வந்தது. அந்தப் பிரெஞ்சுப் பையனுக்கு 21 வயசுதான். பந்து அவன் இடது காலுக்குப் போனாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

மே 12, ஞாயிறு

குரல் போய்விட்டது. கை இன்னும் நடுங்குகிறது. எழுதிவைக்காமல் தூங்கினால் பாதி மறந்துவிடும் என்று பயந்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் வித்ரா. 15வது நிமிடம், பறந்து வந்த பந்தைத் தரையில் விடாமல் அடித்தார், 1-0, மொத்தக் கணக்கு சமம். ஆர்ப்பாட்டம் அடங்குவதற்குள் 19வது நிமிடத்தில் மறுபடியும் அதே நுஜென்ட். இரண்டாம் பாதியில் 65வது நிமிடம், டீனியோடு பந்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வித்ரா இரண்டாவதை அடித்தார். 2-1, மொத்தத்தில் 2-2. அதற்கப்புறம் முப்பது நிமிடம் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தேன், புல்லைப் பார்த்தேன், மறுபடி கடிகாரம். கூடுதல் நேரத்துக்கு மனசைத் தயார் பண்ணிக்கொண்டுவிட்டேன்.

இஞ்சுரி டைமும் முடிகிற நேரம். நாக்கார்ட் பெட்டிக்குள் போகிறான், எங்கள் கசெட்டி பக்கத்தில் போகிறார், அவன் விழுகிறான். விசில். நடுவர் கை பெனால்டி புள்ளியைக் காட்டுகிறது. தொட்டாரா, தொடவில்லையா என்று சண்டை போடக்கூட யாருக்கும் தெம்பு இல்லை. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர் உட்காருவார், ஒரு ஆட்டம் விடாமல் வருகிறவர், அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை, எல்லோருக்கும் புரிந்தது. இது உள்ளே போனால் ஆட்டம் முடிந்தது, 46 லீக் ஆட்டமும் அதோடு வீண்.

மகன் என் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "சொல்லுங்கம்மா, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றான். சரி என்று பார்த்தேன்.

நாக்கார்டே அடிக்க வந்தான். நடுவாக்கில் அடித்தான், அல்முனியா பாய்ந்துவிட்டிருந்தாலும் கால் பின்னாலேயே இருந்தது, பந்து காலில் பட்டு அவனிடமே திரும்பியது. மறுபடி அடித்தான். அல்முனியா அதற்குள் எப்படி எழுந்தார் என்றே தெரியவில்லை, அதையும் தடுத்துவிட்டார். கசெட்டி பந்தை எங்கேயாவது போகட்டும் என்று உதைத்தார். "விட்டுட்டான்!" என்று நான் கத்தியதில் மகன் தலையைத் தூக்கினான். அதுவரை கொண்டாட்டம் என்றுதான் நினைத்தேன், பெனால்டியைத் தடுத்துவிட்டோம், இனி கூடுதல் நேரம், அவ்வளவுதான். ஆனால் பந்து போய்க்கொண்டே இருக்கிறது. வலப்பக்கம் ஃபொரெஸ்தியேரி அதை வைத்துக்கொண்டு ஓடுகிறார், லெஸ்டர் ஆட்கள் பாதிப் பேர் இன்னும் எங்கள் பெட்டியிலேயே நிற்கிறார்கள். கிராஸ் தூரக் கம்பத்துக்குப் போகிறது. அங்கே ஹாக். அவர் தலையால் வலையை நோக்கி அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. நடுவில் ஓடி வந்த டீனிக்குத் தலையால் இறக்கிக் கொடுத்தார். டீனி வந்த வேகத்திலேயே விட்டார் ஒரு அடி.

பெனால்டிக்கும் கோலுக்கும் நடுவே இருபது விநாடி இருந்திருக்குமா?

அந்தச் சத்தத்தைச் சத்தம் என்றே சொல்ல முடியாது, காது அடைத்துவிட்டது. யார் யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள், நானும் யார் யாரையோ கட்டிப்பிடித்தேன். எனக்குப் பின்னால் இருந்த ஒரு ஆள், ஆறரை அடி உயரம் இருப்பார், வருஷக்கணக்காக வெறும் தலையசைப்போடு நிறுத்திக்கொள்கிறவர், என் மகனை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அழுதார். டீனி சட்டையைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் குதித்தார், மஞ்சள் அட்டை கிடைக்கும் என்று தெரியாதா அவருக்கு. போன வருஷம் ஜூனில் ஒரு அடிதடி வழக்கில் சிறைக்குப் போய்விட்டு வந்தவர். திரும்பி வந்தபோது இந்த ஊர் அவரைச் சேர்த்துக்கொண்டது, இன்றைக்கு அவர் அதே ஊர்க்காரர்கள் மேல் விழுந்து கிடந்தார். கோச் ஜோலா மைதானத்துக்குள் ஓடி, கால் இடறி விழுந்து, எழுந்து மறுபடி ஓடினார்.

விசில் ஊதியதும் ஜனம் புல்தரைக்குள் இறங்கிவிட்டது. நாங்கள் இறங்கவில்லை, மேலேயே நின்றோம். மஞ்சள் வெள்ளத்துக்கு நடுவே நீலச் சட்டை ஒன்று அங்கங்கே நகர்வது மட்டும் தெரிந்தது. அப்போதுதான் அத்தான் ஞாபகம் வந்தது.

அந்தப் பெரியவர் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார். படியிலேயே நின்றிருக்கிறார். முதல் சத்தத்தைக் கேட்டதும் பெனால்டியைத் தடுத்துவிட்டார்கள் என்று புரிந்து திரும்பியிருக்கிறார், படி இறங்கி முடிப்பதற்குள் அடுத்த சத்தம். "இரண்டுமே பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை நடித்துக் காட்டினான். அல்முனியா காலை நீட்டுவது வரைக்கும்.

மே 13, திங்கள்

வலது முழங்காலுக்குக் கீழே முட்டை அளவுக்கு நீலம் பாரித்திருக்கிறது. முன் இருக்கையில் இடித்ததாம், எனக்குத் தெரியவே தெரியாது. ஆபீஸில் பேச முடியாமல் சைகையிலேயே வேலை பார்த்தேன். கால்பந்தே பிடிக்காத ஒருத்திகூட வந்து, "நேற்று அந்தக் கோல் நீ நேரில் பார்த்தாயா?" என்று கேட்டாள்.

அத்தானுக்கு நேற்று போன் பண்ணத் தைரியம் வரவில்லை, இன்று பண்ணினேன். அக்காதான் எடுத்தாள். "தோட்டத்துல உட்கார்ந்திருக்கார், விடு" என்றாள். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். நான் முதல் ஆட்டத்தன்று அவர் கேட்டதையே கேட்டேன், சாப்பிட்டீங்களா அத்தான் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தியாம்மா? அவன் இல்லன்னா நாங்க அங்க வந்திருக்கவே மாட்டோம்" என்றார். நாக்கார்டைத்தான் சொன்னார். இணையத்தில் அவனைக் கேலி செய்து ஓராயிரம் படம் சுற்றுகிறது. நான் எதையும் யாருக்கும் அனுப்பவில்லை. ஒன்பது நாள் முன்னால் பான்ஹம் நின்ற இடம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

மே 17, வெள்ளி

வெம்ப்ளி டிக்கெட் கிடைத்துவிட்டது. மூன்று. மூன்றாவது பெரியவருக்கு.

மே 27, திங்கள்

தோற்றுவிட்டோம். கிரிஸ்டல் பேலஸ் 1, நாங்கள் 0, கூடுதல் நேரத்தில். பேலஸின் ஸாஹாவைக் கசெட்டி வீழ்த்தினார், பெனால்டி. அடிக்க வந்தவர் கெவின் ஃபிலிப்ஸ், எங்கள் மஞ்சள் சட்டையில் லீக் ஆட்டத்தைத் தொடங்கியவர், இப்போது வயது 39. இந்தத் தடவை பெரியவர் எழுந்து போகவில்லை. பந்து உள்ளே போவதைக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். கடைசியில் ஃபொரெஸ்தியேரி அடித்த ஒன்று கோட்டிலிருந்து தலையால் வெளியே போனது, அப்போது மட்டும் என் தோளைப் பிடித்தார்.

விவரமாக எழுத மனசு இல்லை. அத்தான் செய்தி அனுப்பியிருக்கிறார்: "ரெண்டு பேரும் ஒரு வாரம் இங்க வந்து இருங்க, அக்கா சமைச்சுப் போடுவா."

மே 29, புதன்

காலையில் மகன் பள்ளிக்குக் கிளம்பாமல் கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்தான். அரைப்பருவ விடுமுறை என்பதை நான்தான் மறந்துவிட்டேன். திரையில் அதே காட்சி. பேலஸ் ஆட்டமாக இருக்கும் என்று பயந்து போனேன், இல்லை, மே 12. நாக்கார்ட் அடிக்கிறான், பந்து அல்முனியா காலில் படும் இடத்தில் நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். மறுபடி நிறுத்தினான்.

"அம்மா, இங்க நான் உங்க கோட்டுக்குள்ள இருந்தேன்" என்றான். "இப்பதான் ஒழுங்கா பாக்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.