அண்ணனின் கால், என் கால்

பைபாஸ் என்றதும் வீட்டில் எல்லாரும் நெஞ்சைப் பற்றியே பேசினார்கள். எனக்குக் கவலையெல்லாம் காலைப் பற்றித்தான். இதயத்தின் அடைப்பைத் தாண்டி இரத்தம் போக, காலிலிருந்து சிரை என்னும் இரத்தக்குழாயை எடுத்துத்தானே மாற்றுவழி போடுவார்கள்! பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அண்ணனுக்கும் இதே அறுவை சிகிச்சை. கணுக்காலிலிருந்து தொடை வரை நீளக் கீறல். நெஞ்சு ஆறிய பிறகும் கால் காயம் சீழ்பிடித்து நான்கு மாதம் அவரைப் படுத்தியது. அவருக்குச் சர்க்கரை நோய். எனக்கும் உண்டு.

அதனால் மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, "காலை எப்படித் திறப்பீர்கள்?" என்பதுதான். சிரையை எண்டோஸ்கோப் மூலம் எடுப்போம் என்றார். முழங்காலின் உட்புறம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீறல். அதன் வழியே கேமரா பொருத்திய குழல் உள்ளே போகும். கரியமில வாயு செலுத்தித் தோலுக்கடியில் இடம் உண்டாக்குவார்கள். பிறகு சிரையைச் சுற்றியுள்ள திசுவை விலக்கி, கிளைகளைச் சுட்டு வெட்டி, தொடை வரை பிரித்தெடுப்பார்கள்.

"குறுகிய துளை வழியே எடுத்தால் சிரை பழுதாகாதா?" என்றேன். 2009இல் ஓர் ஆய்வு அந்த ஐயத்தைக் கிளப்பியது உண்மைதானாம். ஆனால் 2019இல் வெளியான ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரு முறைகளுக்கும் பிரித்துப் பார்த்தும் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லையாம். "அதில் சிரை எடுத்தவர்கள் எல்லாரும் கை தேர்ந்தவர்கள்" என்றும் சேர்த்துச் சொன்னார். அப்போதுதான் உறைத்தது: என் காலில் எடுக்கப்போவது யார்? அவர் இல்லை, அவருடைய உதவியாளர்!

அந்த உதவியாளரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். முந்தைய நாள் மாலை வந்தார். அல்ட்ராசவுண்டில் சிரையின் போக்கையும் பருமனையும் பார்த்துக் காலில் பேனாவால் கோடு போட்டார். உள்ளே சிக்கல் இருந்தால் பழைய முறையில் நீளமாகத் திறக்க நேரிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு மூன்று இணைப்புகள். ஒன்றுக்கு நெஞ்சின் உட்புறத் தமனி, இரண்டுக்குக் கால் சிரை. சிரைக்குள் ஒருவழி வால்வுகள் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் பொருத்துவார்களாம்.

மூன்றாம் நாள் நடக்க வைத்தார்கள். இருமும்போது நெஞ்சு வலித்த வலியில் கால் நினைவுக்கே வரவில்லை. ஆனால் கீறலே இல்லாத உட்தொடை முழுவதும் கன்றிக் கருநீலமாகிவிட்டது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நள்ளிரவில் செவிலியரை அழைத்துப் பதறினேன். தோலுக்கடியில் கசிந்த இரத்தம்தான். மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறைந்தது. வீக்கத்துக்காக உட்காரும்போதெல்லாம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இறுக்கமான காலுறை வேறு. அதை மாட்டுவது தனிப் போராட்டம்.

'காலிலிருந்து நரம்பு எடுத்தார்கள்' என்று நாம் சொல்வது வழக்கம். எடுத்தது சிரையைத்தான். உண்மையான நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. சிரையை எடுக்கும்போது அதற்கும் அடிபடலாம். என் கணுக்காலின் உட்புறம் ஐந்து மாதமாகியும் மரத்தே இருக்கிறது.

அண்ணன் வந்து, என் முழங்காலில் இருந்த சிறு தழும்பைத் தேடிக் கண்டுபிடித்தார். மரத்துப்போன இடத்தைக் காட்டினேன். அவருக்கும் அதே இடத்தில்தானாம். இன்னும் உணர்ச்சி திரும்பவில்லையாம்.